ஒப்பிட்டுப் பேசிய வழக்கு

சிப்பியைத் தின்னலாம், ரசிக்கலாம், ஓட்டில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கலாம், இன்னொன்று கொடு என்று கேட்கலாம். ஒரு கரையின் சிப்பியை இன்னொரு கரையின் சிப்பியோடு ஒப்பிட்டு மட்டும் பேசக் கூடாது. இப்படி ஒரு சட்டம் இருப்பது கண்ணாடிக் கடைக்காரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு வாய்க்குள் சிப்பியை மட்டும் போட்டிருப்பாள். வாயிலிருந்து வார்த்தையை விட்டிருக்க மாட்டாள்.

அவள் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் அவள் தொழில். நாற்பது தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. அவளுடைய அண்ணன், கிடங்கில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சிப்பிக் கடை போட்டிருந்தார். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நீளமாக ஒரு மேசை, ஐஸ் கொட்டிய தகரத் தொட்டி, ஆடும் முக்காலிகள், ஆடாத முக்காலி ஒன்று. அண்ணன் சரக்கு எடுப்பார், அண்ணி திறப்பாள். குட்டைக் கத்தியை ஓட்டின் இடுக்கில் வைத்து அண்ணி ஒரு திருகு திருகினால், எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரச் சிப்பியும் வாயைத் திறந்துவிடும். அண்ணனும் அப்படித்தான் வாயைத் திறப்பார் என்று தெருவில் பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு கரையிலிருந்தும் சரக்கு வந்திருந்தது. வடகரைச் சிப்பி சின்னது; வாயில் போட்டதும் அலை முகத்தில் அடித்தது போல உப்பு. தென்கரைச் சிப்பி கொழுத்தது. வெண்ணெயாக வழுக்கி, என்ன ஏது என்று விசாரிப்பதற்குள் தொண்டையைத் தாண்டியிருக்கும். தீவுச் சிப்பியில் கடற்பாசி வாசமும், சாவியை நக்கினால் வருகிற ஒரு கசப்பும் உண்டு. கழிமுகத்துச் சிப்பி, ஆறும் கடலும் சண்டை போட்டுச் சமாதானமாகிற இடத்தில் வளர்வது. முதலில் உப்பு, அதன் முதுகில் ஏறிக்கொண்டு ஒரு தித்திப்பு. இதையெல்லாம் நான் ஒப்பிடவில்லை. அடுத்தடுத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கழிமுகத்துச் சிப்பியைத் தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்த பாப்பா சொன்னாள்: "அண்ணா, வடகரைச் சிப்பியெல்லாம் ஒரு சிப்பியா? உப்புக் கல்லைச் சப்புற மாதிரி இருக்கு. கழிமுகத்துச் சிப்பிகிட்ட அது நிக்க முடியுமா?"

பக்கத்து முக்காலியில் வெறும் எலுமிச்சைத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"அம்மா, இப்ப என்ன சொன்னீங்க?"

காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட பாப்பா, அதையே இன்னும் உரக்கச் சொன்னாள்.

"ரெண்டாவது தடவை," என்று குறித்துக்கொண்டார் அவர். பிறகு அட்டையை எடுத்துக் காட்டினார். கரைச்சுவை வாரியத்தின் ஆய்வாளர்.

இந்த வாரியம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முன்னொரு காலத்தில் சட்டமன்றத்தில் வடகரை உறுப்பினரும் தென்கரை உறுப்பினரும் யார் ஊர்ச் சிப்பி உசத்தி என்று பேச ஆரம்பித்து, பேச்சு முற்றி, நாற்காலிகள் பறந்தன. இரண்டு நாற்காலிகளும் ஒரு உறுப்பினரின் முன்பல்லும் உடைந்தன. இனி இப்படி நடக்காமலிருக்க, கரைகளின் சுவையை ஒப்பிடும் உரிமையை வாரியம் ஒன்றிடம் ஒப்படைத்துச் சட்டம் செய்தார்கள். வாரியம் இன்றுவரை ஒப்பிடவில்லை. மற்றவர்கள் ஒப்பிடாமல் பார்த்துக்கொள்வதற்கே நேரம் சரியாக இருந்தது.

"சார், என் தங்கச்சி சும்மா சொன்னா," என்றார் அண்ணன்.

"சும்மா சொல்றதுதான் சார் பரவுது. யோசிச்சுச் சொல்றதை யாரு காதுல வாங்கறாங்க?"

ஆய்வாளர் கெட்டவரில்லை. அரக்கை உருக்கும்போது அண்ணியின் கையில் பட்டுவிடக் கூடாது என்று தள்ளி நிற்கச் சொன்னார். குட்டைக் கத்தியைத் துணியில் சுற்றி, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை வைத்தார். பாதி பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்றை, உடந்தைப் பொருளாகக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டார். விசாரணை முடியும்வரை கடை மூடியிருக்கும் என்றும், குற்றம் உறுதியானால் பிறகும் மூடியிருக்கும் என்றும் சொல்லிவிட்டு, எலுமிச்சைத் தண்ணீர் நன்றாக இருந்ததாகச் சொன்னார். எதைவிட என்று சொல்லவில்லை.

அவர் போனதும் அண்ணி தொட்டியைப் பார்த்தாள். தொட்டி நிறையச் சிப்பி, எல்லாம் உயிரோடு.

"உனக்கு நாக்கு இருக்குன்னு எங்களுக்குத் தெரியும் பாப்பா. அதை ஊருக்குக் காட்டணுமா?"

பாப்பா தொட்டியில் இன்னும் கொஞ்சம் ஐஸை அள்ளிப் போட்டாள். கிடங்கு வேலை போனால் போகட்டும் என்று அண்ணனுக்குத் தைரியம் சொன்னதே அவள்தான். ஐஸை எவ்வளவு கொட்டினாலும் சிப்பி ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. கடையும் அதற்கு மேல் தாங்காது.

மறுநாள் காலை அவள் வாரியத்துக்குப் போனாள். நாலு மாடிக் கட்டிடம், மாடிக்கு ஒரு கரை. எந்தக் கரையையும் தாண்டிப்போனதாகப் பேச்சு வரக் கூடாது என்பதால், ஏறும்போதும் இறங்கும்போதும் லிஃப்ட் எல்லா மாடியிலும் நின்று, கதவைத் திறந்து, ஒரு வணக்கம் சொல்லும் நேரம் காத்திருந்து மூடியது. லிஃப்டில் இருந்தவர்கள் வணக்கமும் சொன்னார்கள். கடைசி மாடியில் செயலாளர் இருந்தார். நறுக்கிய மீசை, நறுக்கிய பேச்சு.

"என்ன தொழில்?"

"கண்ணாடிக் கடைங்க. இந்த வில்லை தெளிவா, அந்த வில்லை தெளிவான்னு கேட்டு..."

செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப, தொழிலே இதுதானா?"

"ஐயா, நான் சொன்னது தப்புன்னே வச்சுக்குவோம். திரும்ப வாங்கிக்கறேன். என் அண்ணன் கடையைத் திறந்துவிடுங்க."

"என்னன்னு சொல்லித் திரும்ப வாங்குவீங்க?"

"வடகரைச் சிப்பியும் கழிமுகத்துச் சிப்பி மாதிரியே நல்லா இருக்குன்னு."

"'மாதிரி'ன்னு சொன்னீங்கன்னா அது ஒப்பீடு."

"சரி, வடகரைச் சிப்பி ஒண்ணும் குறைச்சல் இல்லன்னு."

"எதுக்குக் குறைச்சல் இல்ல?"

பாப்பா யோசித்தாள். "அப்ப நான் என்னதான் சொல்றது?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல," என்றார் செயலாளர் வருத்தத்தோடு. "ஒரு வழி இருக்கு. நீங்க சொன்னது ஆய்வுக்கூடத்துல நிரூபணமாச்சுன்னா, அது ஒப்பீடு இல்ல, உண்மை. உண்மையைச் சொன்னா தண்டனை கொஞ்சம் கம்மி. அதுவரைக்கும் தொழில்லயும் ஒப்பிட்டுப் பேசாதீங்க."

ஆய்வுக்கூடம் கீழ்த்தளத்தில், எந்தக் கரைக்கும் சொந்தமில்லாத இடத்தில் இருந்தது. அதன் தலைமை அதிகாரி ஓர் அம்மாள். வெள்ளைக் கோட்டு, முகத்தில் நல்ல களை. நாலு கரைச் சிப்பியையும் அவர் முதலில் பாதுகாப்புக்காக வேகவைத்தார். வெந்ததை நடுநிலைக்காகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசினார். அலசியதைத் துல்லியத்துக்காக உலர்த்தி, அரைத்து, நாலு கிண்ணத்தில் போட்டார். நாலு கிண்ணத்திலும் சாம்பல் நிறத்தில் ஒரே பொடி இருந்தது.

"பாருங்க," என்றார் பெருமையோடு. "வாரியம் ஆரம்பிச்ச புதுசுல நாலுக்கும் பயங்கர வித்தியாசம் வரும். எங்களுக்கே பயமா இருக்கும். முறையைத் திருத்தித் திருத்தி இப்பதான் இந்த நிலைமைக்குக் கொண்டுவந்திருக்கோம்."

"நீங்க ருசி பாக்க மாட்டீங்களா மேடம்?"

"ஐயோ, ருசி பாத்தா அபிப்பிராயம் வந்துடும்மா. அப்புறம் ஆய்வு எப்படிச் செய்யறது? நீங்கதான் வெளியாள். வேணும்னா பாருங்க."

பாப்பா ஒவ்வொரு கிண்ணத்திலும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "சுண்ணாம்பு மாதிரி இருக்குங்க."

அம்மாள் பரிதாபத்தோடு அவளைப் பார்த்தார். "இதையும் நான் எழுதித்தான் ஆகணும். சுண்ணாம்போட ஒப்பிட்டிருக்கீங்க."

அந்த வாரம் கண்ணாடிக் கடை நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கண் சோதிக்க வந்தார். பாப்பா வில்லையை மாட்டி, "எழுத்து தெரியுதுங்களா?" என்றாள்.

"முன்னாடி போட்டதுக்கு இது..."

"வேணாங்க ஐயா. முன்னாடி போட்டதை மறந்துடுங்க. இது தெரியுதா, இல்லையா?"

"தெரியுது. ஆனா அது..."

"தெரியுதுல்ல? அது போதும்."

தபால்காரர் புதுக் கண்ணாடியோடு எழுந்து, வாசலுக்குப் பக்கத்திலிருந்த சுவர் வழியாக வெளியே போகப் பார்த்தார். அடுத்து வந்த பள்ளிக்கூட வாத்தியாரம்மா, தன் வகுப்பில் இவ்வளவு பிள்ளைகள் இருப்பதே இந்தக் கண்ணாடி போட்ட பிறகுதான் தெரிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். வகுப்பில் அவ்வளவு பேர் இல்லை என்று பின்னால் தெரியவந்தது.

ஒரு சாயங்காலம் பாப்பா அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் பழைய கிடங்குச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அறுந்த பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அடுக்களையில் பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, என்னாலதானே."

"விடு பாப்பா." அண்ணன் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தணித்தார். "நீ சொன்னது எனக்கும் சரின்னுதான் படுது. கழிமுகம் கழிமுகம்தான். உங்க அண்ணிகிட்டகூட சொல்லிடாதே. அவளுக்குத் தீவுச் சிப்பிதான்."

பாப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் என்னவோ வந்தது. அண்ணன் ஊசியில் நூலைக் கோக்கத் திணறினார். அவள் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். கிடங்கில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

விசாரணை நாள் வந்தது. பெரிய கூடம்; வட்டமான மேசை. வாரியத் தலைவருக்கு எதிரே நாலு கரைப் பிரதிநிதிகளும் உட்கார்ந்தார்கள். யாருக்கும் முந்திப் பேசும் வாய்ப்புக் கிடைத்துவிடக் கூடாது என்பதால், நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் பேசினார்கள். பேசி முடித்ததும் செயலாளர், "நான்கு கரைகளின் கருத்தும் சமமாகக் கேட்கப்பட்டது," என்று அறிவித்தார். ஒன்றும் கேட்கவில்லை என்பதால் அது உண்மைதான்.

பிறகு ஆய்வாளர் சான்றுப் பொருள்களைக் கொண்டுவந்து வைத்தார். முத்திரையிட்ட கத்தி, குப்பிக்குள் இப்போது பச்சையாகத் தாடி முளைத்திருந்த எலுமிச்சை, கடைத் தொட்டியிலிருந்து எடுத்துவந்த ஐஸ் பெட்டி நிறையச் சிப்பி. பெட்டிக்குப் பின்னாலேயே, பெட்டியை நம்பி யாரிடமும் விட முடியாது என்று அண்ணியும் வந்திருந்தாள்.

தலைவர் பெரிய உடம்பும் சின்னக் குரலுமாக இருந்தார். சட்டம் இரக்கமுள்ளது, வாரியம் அதைவிட இரக்கமுள்ளது என்று ஆரம்பித்து, 'அதைவிட' என்றதைச் செயலாளர் இருமிக் காட்டியதும் திருத்திக்கொண்டார். கடைசியில், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பாப்பாவைக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ஐயா. உங்களுக்கு எந்தக் கரைச் சிப்பி பிடிக்கும்?"

தலைவர் கோபப்படவில்லை. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலப் புன்னகைத்தார்.

"அம்மா, இந்த நாற்காலியில இருபது வருஷமா உக்காந்திருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு சிப்பிகூட என் உதட்டைத் தொட்டதில்ல. ஒண்ணாவது சாப்பிட்டுப் பாருங்களேன்னு வீட்டுல கேப்பாங்க. சாப்பிட்டா பிடிச்சுப்போகும், பிடிச்சுப்போனா நடுநிலை போயிடும்னு சொல்லிடுவேன். ருசி தெரிஞ்சவன் ருசிக்கு அடிமை. ருசி தெரியாதவன்தான் அதை நிர்வாகம் பண்ண முடியும். எனக்கு முன்னாடி இருந்தவருக்கு மீன் வாசமே ஆகாது. அவர் காலத்தை இன்னைக்கும் வாரியத்தோட பொற்காலம்னு சொல்றாங்க. கரைக்குக் கரை ருசி வேறன்னு ஜனங்க அறியாமையில இருந்தாங்க. இப்ப எங்க ஆய்வுக்கூடத்துல நாலு கிண்ணத்துலயும் ஒரே பொடி. இந்த ஒற்றுமையைக் கடல் கொண்டுவரல. நாங்க கொண்டுவந்தோம்."

பிரதிநிதிகள் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள்.

"ரொம்ப நல்லதுங்க," என்றாள் அண்ணி. அவளை யாரும் பேசச் சொல்லவில்லை. "இந்தச் சிப்பி இன்னைக்குத் தாங்கும், நாளைக்குத் தாங்காது. இதை என்ன பண்ணப் போறீங்க?"

செயலாளர் விதியைப் புரட்டினார். கெட்டுப்போகக்கூடிய சான்றுப் பொருளை, கூடத்தில் இருக்கும் ஆகப் பெரிய அதிகாரி, எல்லோரும் பார்க்கத் தம் பொறுப்பில் அழித்துவிட வேண்டும் என்று இருந்தது. எப்படி அழிப்பது என்று இல்லை.

"அழிக்கிறதா? எங்க கடையில தினம் அதைத்தானே செய்யறோம்," என்றாள் அண்ணி. "அந்த முத்திரையை உடைங்க சார்."

ஆய்வாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் விதியைப் பார்த்தார். விதியில் தடை எதுவும் இல்லை. முத்திரை உடைந்தது. அண்ணி கத்தியை வாங்கி, ஒரு திருகு. கூடம் முழுக்கக் கடல் வாசம் எழுந்தது. இத்தனை வருஷமாகக் கடலை நிர்வாகம் செய்த கட்டிடத்துக்குள் கடல் வந்தது அதுதான் முதல் தடவை.

தலைவர் ஒரு சிப்பியைக் கடமையுணர்வோடு எடுத்து, கண்ணை இறுக மூடி, வாயில் கவிழ்த்துக்கொண்டார். விழுங்கினார். கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை மட்டும் நீட்டினார். அண்ணி அடுத்ததை வைத்தாள்.

"தலைவரே?" என்றார் செயலாளர்.

"அழிச்சிட்டிருக்கேன்," என்றார் தலைவர்.

கழிமுகத்துச் சிப்பி போனது, தென்கரை போனது, தீவு போனது. வடகரைச் சிப்பி போனதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"இது எந்த ஊரு?"

"வடகரைங்க," என்றாள் பாப்பா.

"இதையா உப்புக் கல்லுன்னு சொன்னீங்க?"

"ஆமாங்க."

"என்னம்மா பேசறீங்க? இதுல ஒரு நேர்மை இருக்கு. அந்தக் கழிமுகத்துது என்ன, முதல்ல ஒண்ணு சொல்லுது, அப்புறம் ஒண்ணு சொல்லுது."

"அதானே ஐயா அதோட அழகு. உங்களுக்கு இன்னும் நாக்கு பழகல."

"என் நாக்குக்கு என்ன குறைச்சல்? இன்னொண்ணு திறங்கம்மா. ரெண்டு திறங்க, அவங்களுக்கும் ஒண்ணு குடுங்க. தின்னுட்டு நியாயத்தைச் சொல்லுங்க."

பாப்பா தின்றாள். ஒப்புக்கொள்ள மறுத்தாள். தென்கரைப் பிரதிநிதி எழுந்து, தன் கரையைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று ஆதங்கப்பட்டார். தீவுப் பிரதிநிதி அவருக்குப் பதில் சொன்னார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள்; என்ன பேசினார்கள் என்பது எல்லோருக்கும் கேட்டது. ஆய்வுக்கூடத்து அம்மாள் ஒரு சிப்பியை நக்கிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, இன்னொன்று கேட்டார். கழிமுகப் பிரதிநிதி நாற்காலியைத் தூக்கினார். பக்கத்தில் போட்டு உட்காரத்தான்.

"தலைவரே," செயலாளர் விதிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "நீங்க ஒப்பிட்டுட்டீங்க. விதிப்படி..."

தலைவர் ஓட்டுத் தண்ணீரை உறிஞ்சி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "நான் ஒப்பிடல. விசாரிக்கிறேன்."

செயலாளர் விதியில் அதைத் தேடினார். விசாரணையின்போது பேசப்படும் எதுவும் குற்றமாகாது என்று தெளிவாக இருந்தது. அவர் நிம்மதியாக மூச்சுவிட்டு, முதல் சிப்பியை எடுத்தார்.

பெட்டி காலியானபோது வழக்கு முடிந்திருக்கவில்லை. சான்று போதாது என்று எல்லோரும் ஒருமனதாகக் கருதினார்கள். தலைவர் உத்தரவு போட்டார்: வழக்கின் அடுத்த அமர்வு வரும் ஞாயிறு, சம்பவம் நடந்த இடத்திலேயே. அதற்கு வசதியாகக் கடை உடனே திறக்கப்பட வேண்டும். தினமும் புதுச் சான்று வந்து இறங்க வேண்டும்.

கடை திறந்தது. விசாரணைக்குள் மட்டுமே ஒப்பிட்டுப் பேசலாம் என்பதால், ஊரில் சட்டப்படி வாயைத் திறக்கக்கூடிய ஒரே இடமாக அது ஆனது. ஜனங்கள் சாட்சி சொல்ல வந்தார்கள். தபால்காரர் சாட்சி சொன்னார், அதற்கு முன் புதுக் கண்ணாடியும் மாற்றிக்கொண்டார். அண்ணன் முக்காலிகளின் கால்களைச் சரிசெய்து, இன்னும் சில வாங்கிப்போட்டார். வழக்கு மட்டும் நகரவில்லை. தலைவர் வடகரைதான் என்பதில் பாறையாக நின்றார். பாப்பா கழிமுகம்தான் என்று எதிரே நின்றாள். இரண்டு பேரில் ஒருவர் இறங்கிவந்தால் தீர்ப்பு எழுதி வழக்கை முடித்துவிடலாம் என்று செயலாளர் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருப்பார், வாயில் சிப்பியோடு.

குளிர்காலம் வந்தது. குளிரில் வடகரைச் சிப்பி சதை வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல எதிர்த்துப் பேசுவதற்காக ஒன்றை வாயில் போட்ட பாப்பா அப்படியே நின்றுவிட்டாள். உப்பு வந்தது; உப்புக்குப் பின்னால், இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாத ஒரு சுத்தமான தித்திப்பு. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கழிமுகத்துச் சிப்பி ஞாபகத்துக்கே வரவில்லை.

"என்னம்மா?" தலைவர் ஆவலாக முன்னால் சாய்ந்தார். செயலாளர் பேனாவை எடுத்தார். "இப்பவாவது ஒத்துக்கறீங்களா?"

பாப்பா கடையைச் சுற்றிப் பார்த்தாள். சாட்சிகள் வாசல்வரை நின்றார்கள். அண்ணன் ஐஸ் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்தபடி நின்றார்.

"சகிக்கலைங்க ஐயா," என்றாள்.

தலைவர் மேசையில் அடித்து, அமர்வை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தார். கூட்டம் சந்தோஷமாகச் சத்தம் போட்டது. பாப்பா கையைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போனாள். அண்ணி அவள் பின்னாலேயே வந்து, துணியில் மூடிய தட்டு ஒன்றைக் கையில் வைத்தாள். தட்டு நிறைய வடகரைச் சிப்பி.

"ஐஸ் பெட்டிக்குப் பின்னாடி நின்னு தின்னு," என்றாள் அண்ணி. "உறிஞ்சுற சத்தம் வெளிய கேக்காம பாத்துக்க."